நாலாவது விடை

டக்கு கோபத்தில் பென்சிலைத் தூக்கி எறிந்தாள். அது சாப்பாட்டு மேசையில் ஒரு துள்ளு துள்ளி, அவளுடைய டீக் கோப்பைக்குள்ளேயே போய் விழுந்தது.

"நூத்தி ஐம்பத்தி நாலு! மறுபடியும் அதே நூத்தி ஐம்பத்தி நாலு! இந்த நம்பருக்கு என் மேல அப்படி என்னதான் பாசமோ!"

"டீ போச்சு அண்ணி," என்றாள் எதிரே உட்கார்ந்திருந்த நாத்தனார்.

"டீ கிடக்கட்டும்டி. என் சீட்டே போகுது!"

அவள் கத்தியதில் நியாயம் இருந்தது. புள்ளியியல் மேற்படிப்புக்கு அவளுக்கு இடம் ஏறக்குறைய கிடைத்துவிட்டது. அந்த ஏறக்குறையதான் உயிரை எடுத்தது. மற்ற எல்லாம் திருப்தி, நுழைவுத் தேர்வின் கணக்குப் பகுதியில் மட்டும் நூற்று எழுபதுக்கு நூற்று அறுபது வேண்டும் என்று துறையிலிருந்து எழுதிவிட்டார்கள். இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் மண்ணைக் கவ்வியாகிவிட்டது. ஒருவர் மூன்று தடவைக்கு மேல் எழுதிய மதிப்பெண்ணை அந்தத் துறை வாங்கிக்கொள்ளாது. வருகிற சனிக்கிழமை மூன்றாவது. அதிலும் வழுக்கினால் அந்தக் கதவு சாத்தினது சாத்தினதுதான்.

இந்த வயதில் புள்ளியியல் எதற்கு என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது. டக்கு ஒரு விமான நிறுவனத்தின் உதவி எண்ணில் வேலை பார்க்கிறாள். காதில் ஹெட்போன், எதிரே திரை. திரையில் வருவதைப் படித்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் உத்தியோகம். ஆனால் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் ஏன் இத்தனை விமானங்கள் தாமதமாகின்றன என்று ஒருநாள் அவளுக்கு ஒரு கேள்வி வந்தது. யாரைக் கேட்டாலும் திரையைக் காட்டினார்கள். திரைக்கு அதை யார் சொல்கிறார்கள், எதை வைத்துச் சொல்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளாவிட்டால் தலையே வெடித்துவிடும் போல ஆகிவிட்டது அவளுக்கு. ஆசை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். சும்மா இருக்கிறவர்களைச் சும்மா இருக்க விடக்கூடாது.

யார் எதைக் கேட்டாலும் டக்கென்று பதில் சொல்வதால் அவள் டக்கு. நாத்தனாரின் பட்டப்பெயர் நண்டு. எதையும் நேராகச் சொல்லாமல் பக்கவாட்டிலேயே நகர்வாள் என்று அண்ணன்காரன் சின்ன வயதில் வைத்த பெயர், ஒட்டிக்கொண்டுவிட்டது. நண்டுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அவளும் அதே சனிக்கிழமை அதே தேர்வை எழுதப் போகிறாள். ஆனால் அவளுக்கு இதுதான் முதல் தடவை. அவள் கேட்டிருக்கும் படிப்புக்கு இன்னொரு தேர்வுத் தேதியும் பாக்கி இருந்தது. அதனால் நகத்தைக் கடிக்கிற வேலை முழுக்க டக்குவுடையதாக இருந்தது.

நண்டு கோப்பையிலிருந்து பென்சிலை எடுத்துத் துடைத்தாள். அண்ணியின் பயிற்சி விடைத்தாளை இழுத்து வைத்துத் தப்பான கணக்குகளை மட்டும் பார்த்தாள்.

"அண்ணி, இதைப் பாருங்க. எக்ஸ் ஸ்கொயர் ஒன்பது. இடது பெட்டில எக்ஸ், வலது பெட்டில மூணு. எது பெரிசு?"

"ரெண்டும் சமம். மூணு மூணு ஒன்பது. இதுல என்ன தப்பு?"

"மைனஸ் மூணு என்ன பாவம் பண்ணுச்சு? மைனஸ் மூணையும் மைனஸ் மூணையும் பெருக்கினாலும் ஒன்பதுதானே?"

டக்கு கணக்கை மறுபடி ஒரு தடவை படித்தாள்.

தேர்வில் இந்த வகைக் கணக்குகள் நிறைய வரும். இரண்டு பெட்டி, இரண்டு அளவு. விடை நாலில் ஒன்று: இடது பெரியது, வலது பெரியது, இரண்டும் சமம், அல்லது கொடுத்த தகவலை வைத்துச் சொல்ல முடியாது. எக்ஸ் மூன்றாக இருந்தால் சமம், மைனஸ் மூன்றாக இருந்தால் வலது பெரியது. எது என்று சொல்ல முடியாது. ஆக நாலாவதுதான் விடை.

நண்டு சட்டென்று எழுந்து போய், அலமாரியில் கிடந்த பழைய பயிற்சித் தாள்களை அள்ளிக்கொண்டு வந்தாள். ஒவ்வொன்றாகப் புரட்டினாள். புரட்டப் புரட்ட அவளுடைய புருவம் மேலே போய்க்கொண்டே இருந்தது.

"அண்ணி. நீங்க நாலாவது விடையை ஒரு தடவைகூடத் தொட்டதே இல்லை."

"என்னடி உளர்றே?"

"இத்தனை தாள்ல ஒண்ணுல கூட இல்லை. எங்க லேப்ல ஒரே ஆளுக்கு ஒரே தப்பு திரும்பத் திரும்ப வந்தா, அது மெஷின் கோளாறுன்னு எடுத்துக்குவோம்."

"அதெல்லாம் ஒரு விடையாடி? சொல்ல முடியாதாம்! அது கைவிரிக்கிறது. கேட்டவங்களுக்கு ஒரு பதில் குடுக்கணும்ல?"

அடுப்படியில் ரொட்டியை வாட்டிக்கொண்டிருந்த டக்குவின் புருஷன் அங்கிருந்தே சிரித்தான். லிஃப்ட் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை என்றால் காலைச் சாப்பாடு அவன் பொறுப்பு.

"அவகிட்டப் போய் அந்த வார்த்தையைச் சொல்றியே நண்டு. அவங்க ஆபீஸ்ல அது கெட்ட வார்த்தை."

டக்குவுக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது.

உண்மையிலேயே கெட்ட வார்த்தைதான். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். தெரியாது, சொல்ல முடியாது, இருந்தாலும் இருக்கலாம், இந்த மூன்றும் வாயில் வரவே கூடாது. வந்தால் சூப்பர்வைசர் நம் பெயருக்கு எதிரே ஒரு சிவப்புப் புள்ளி வைப்பார். விமானம் எப்போது கிளம்பும் என்று ஒருவர் கேட்கிறார். கடவுளுக்குத்தான் வெளிச்சம். ஆனால் டக்கு குரலில் தேன் தடவிச் சொல்வாள்: "உங்க கவலை எனக்கு நல்லாவே புரியுது சார். இன்னும் பதினஞ்சு நிமிஷத்துல புது அறிவிப்பு வந்துடும்." அவரும் நன்றி சொல்லி வைத்துவிடுவார். பதினைந்து நிமிடம் கழித்து அவர் மறுபடி கூப்பிட்டால் இன்னொரு பதினைந்து நிமிடம். அந்த அலுவலகத்திலேயே சிவப்புப் புள்ளி இல்லாத ஒரே ஆள் அவள்தான். சுவரில் அவள் படம்கூட மாட்டியிருக்கிறார்கள், பல்லெல்லாம் தெரிய.

"அடிப்பாவி!" என்று அவள் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். "கணக்குக்கும் நான் சமாதானம் சொல்லிட்டிருந்திருக்கேன்டி! எக்ஸுக்கே பதினஞ்சு நிமிஷம் டைம் குடுத்து அனுப்பியிருக்கேன்!"

அவளுக்கு அழுகை வரவில்லை. சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இரண்டு வருஷமாக மூளை மந்தம் என்று நினைத்து வெந்து கொண்டிருந்தவளுக்கு, மூளை நன்றாகத்தான் இருக்கிறது, நாக்குதான் பழகிக் கெட்டுவிட்டது என்றால் எப்படி இருக்கும்? ரொட்டியோடு வந்த புருஷனைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். ரொட்டி ஒரு பக்கம், தட்டு ஒரு பக்கம்.

அன்றைக்கே வைத்தியம் தொடங்கியது. பழக்கத்தில் வந்ததைப் பழக்கத்தால்தான் போக்க வேண்டும் என்று நண்டு தீர்ப்புச் சொல்லிவிட்டாள். வீட்டில் யார் எதைக் கேட்டாலும், பதில் நிச்சயமாகத் தெரியாவிட்டால், டக்கு அந்த மூன்று வார்த்தையில் ஒன்றை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். புருஷனுக்குக் கொண்டாட்டம்.

"நாளைக்கு மழை வருமா?"

"இன்னும் பதினஞ்சு..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். "சொல்ல முடியாது."

"என் தங்கச்சிக்கு மாப்பிள்ளை அமையுமா?"

"சொல்ல முடியாது."

"டேய் அண்ணா!"

"என் புது ஸ்க்ரூடிரைவர் எங்க?"

"சொல்ல முடியாது."

"இது தெரிஞ்சே சொல்ல மாட்டேங்கிறியா, தெரியாம சொல்ல முடியலையா?"

"அதையும் சொல்ல முடியாது!" என்று டக்கு விழுந்து விழுந்து சிரித்தாள். ஜன்னல் கம்பி ஆடுகிறதென்று ஸ்க்ரூடிரைவரை அதில் செருகி வைத்திருந்தது அவள்தான்.

சிரிப்பெல்லாம் சரி, தாளில் உட்கார்ந்தால் கை பழைய பக்கமே போனது. எப்போது சொல்ல முடியும், எப்போது முடியாது என்று கண்டுபிடிப்பது எப்படி? புத்தகத்தில் வழி போட்டிருந்தது: பூஜ்யம், ஒன்று, மைனஸ் எண், பின்னம், பெரிய எண் எல்லாவற்றையும் எக்ஸின் இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். படித்தாள், புரிந்தது, அடுத்த கணக்கில் மறந்தது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம், வேலையிலிருந்து திரும்பி ஹெட்போன் பட்ட காதைத் தேய்த்துக்கொண்டே மேசையில் உட்கார்ந்தவள், திடீரென்று மேசையை ஓங்கித் தட்டினாள்.

"நண்டு! இது அஞ்சும் அஞ்சு கஸ்டமர்டி!"

"எது?"

"இந்த நம்பருங்கதான்! கேளு. பூஜ்யம் இருக்கே, அது லைன்ல வந்துட்டு மூச்சே விடாது. ஆனா யாரோட பெருக்கினாலும் அவங்களையும் கவுத்துடும். ஒண்ணு பரம சாது. ஸ்கொயர் பண்ணு, கியூப் பண்ணு, சரிங்க சரிங்கன்னு அப்படியே நிக்கும். மைனஸ் சண்டைக்கோழி, நாம எதைச் சொன்னாலும் தலைகீழா திருப்பும். பெரிய நம்பர் 'நான் யாரு தெரியுமா'ன்னு கத்துறவர். இந்தப் பின்னம் இருக்கே, அரையும் காலும், இதுதான் ஊமைக்குசும்பு. எல்லாரும் ஸ்கொயர் பண்ணா பெருசாவாங்க. இது மட்டும் சுருங்கும்!"

நண்டு கண்ணை அகல விரித்தாள்.

"நான் இத்தனை நாளா பெரிய நம்பர்கிட்ட மட்டும் பேசிட்டு போனை வச்சிருக்கேன்டி. அஞ்சு பேரையும் லைன்ல எடுக்கணும். ரெண்டு பேர் ரெண்டு பெட்டியைக் காட்டினா?"

"சொல்ல முடியாது!"

"அடி சக்கை! ஒண்ணு குடு, ஒண்ணு குடு!"

எக்ஸ் பூஜ்யத்தைவிடப் பெரியது. இடதில் எக்ஸ், வலதில் எக்ஸின் வர்க்கம். பெரிய எண்ணார் வலது என்று கத்தினார். சாது சமம் என்றது. அரை வந்து, என் வர்க்கம் கால்தானே, இடதுதான் பெரிசு என்று கிள்ளிவிட்டுப் போனது. நாலாவது விடை! அடுத்தது, நாலாவது! அதற்கடுத்ததில் அத்தனை பேரும் வாயைத் திறந்து ஒரே பெட்டியைக் காட்ட, வலது பெட்டி! டக்கு நாற்காலியில் உட்காரவே இல்லை. மேசையைச் சுற்றி நடந்துகொண்டே போட்டாள். அவளுக்கு இப்படி ஒரு ருசி கணக்கில் இருக்கும் என்று யாரும் சொன்னதில்லை. பசி, களைப்பு, சனிக்கிழமை எல்லாம் மறந்துபோனது.

"அஞ்சு பேரும் ஒத்துக்கிட்டா மட்டும் போதுமா அண்ணி?" என்று நண்டு இழுத்தாள். "ஆறாவதா ஒருத்தர் கூப்பிட்டா?"

"அதுக்குத்தான் நீ இருக்கியே, சந்தேகத்துக்குப் பொறந்தவ!"

நண்டு விஷயத்தில் அதுதான் கோளாறு. கணக்கில் அவள் அண்ணியைவிடக் கெட்டி. பயிற்சித் தாள்களில் நூற்று அறுபத்தைந்துக்குக் கீழே இறங்கியதே இல்லை. ஆனால் அவள் வேலை பார்க்கும் கூடத்தில் மயிரிழை சந்தேகம் வந்தாலும் முடிவை வெளியே விட மாட்டார்கள், திரும்ப ரத்தம் எடுக்கச் சொல்வார்கள். அதே கையோடு கணக்கையும் போடுவாள். போட்டதை அழிப்பாள், திரும்பப் போடுவாள், அதே விடை வரும், மூன்றாம் முறையும் பார்ப்பாள். நல்ல மார்க்குடி என்றால், இது வீட்டுல எழுதினதுதானே அண்ணி என்பாள். டக்கு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளுக்குத் தன் பாடே பெரும்பாடாக இருந்தது.

புதன்கிழமை அலுவலகத்தில் வந்தது வினை.

மூடுபனியால் ஒரு விமானமும் நகரவில்லை. ஒரு பெரியவர் கூப்பிட்டார். விமான நிலையத்திலேயே உட்கார்ந்திருக்கிறாராம். காலையிலிருந்து பதினைந்து பதினைந்து நிமிடமாகக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டதாம். எப்போது கிளம்பும் என்று சொன்னால் புண்ணியமாகப் போகும் என்றார். டக்கு திரையைப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. அவள் வாய் தானாகத் திறந்தது.

"சொல்ல முடியாது சார்."

சொன்ன மாத்திரத்தில் அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்து நாற்காலிக்காரி திரும்பிப் பார்த்தாள். மறுமுனையில் பெரியவர் கேட்டார்.

"நிஜமாவே தெரியாதாம்மா?"

"நிஜமாவே தெரியாது சார். பனி விலகினாத்தான். எப்ப விலகும்னு இங்க யாருக்கும் தெரியாது."

"அட, இதைக் காலையிலேயே சொல்லியிருந்தா நான் வீட்டுக்குப் போய்க் காலை நீட்டிப் படுத்திருப்பேனே! நல்லா இரும்மா," என்று அவர் வைத்துவிட்டார்.

சூப்பர்வைசர் தன் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனுஷர்தான், ஆனால் அந்தச் சிவப்புப் பேனாவைத் தொட்டால் ஆளே மாறிவிடுவார்.

"நீங்களாம்மா? நம்ம சுவத்துல இருக்கிற ஆளா? இந்த வார்த்தை எங்கேருந்து வந்துச்சு உங்களுக்கு?"

"கணக்குலேருந்து சார்."

"என்னது?"

"நாலாவது விடை சார்," என்றாள் டக்கு. சொல்லும்போதே சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். சனிக்கிழமை லீவு கொடுத்தது நல்லதுதான், நன்றாக ஓய்வெடுங்கள் என்று சொல்லிவிட்டு, பேனாவைத் திறந்து அவள் பெயருக்கு எதிரே புள்ளி வைத்தார். முதல் சிவப்புப் புள்ளி. வேறு நாளாக இருந்திருந்தால் டக்கு கழிவறையில் போய் அழுதிருப்பாள். அன்றைக்கு, கை ஓடாமல் கால் ஓடாமல் வீட்டுக்கு எப்போது போய்ச் சொல்வோம் என்று தவித்தாள். நாக்குத் திரும்பிவிட்டது அல்லவா! நாக்குத் திரும்பினால் கையும் திரும்பும்.

சனிக்கிழமை காலை. தேர்வுக் கூடம் ஒரு பழைய அலுவலகக் கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தது. லிஃப்ட் ஒரு குலுக்கலோடு நின்றபோது புருஷன் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டு, "கயிறு நல்லாத்தான் இருக்கு, பிரேக் கட்டைதான் தேஞ்சிருக்கு," என்றான். அதைக் கேட்டு நண்டுக்கு இன்னும் பயம். கைப்பை, கடிகாரம், கைபேசி எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டச் சொன்னார்கள். சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டச் சொன்னார்கள். ஆளுக்கொரு தடுப்பு, ஆளுக்கொரு கணினி. டக்குவை முதலில் உள்ளே அனுப்பினார்கள். நண்டு இன்னும் வரிசையில் நின்றுகொண்டிருந்தாள்.

கணக்குப் பகுதி திறந்தது. ஓரத்தில் கடிகாரம் பின்னோக்கி ஓட ஆரம்பித்தது. முதல் கணக்கைப் பார்த்ததும் டக்குவுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது பயத்தினால் இல்லை. வாங்க சார், உட்காருங்க என்று அவள் மனசுக்குள் அழைத்தாள். பூஜ்யம் வந்தது, மைனஸ் வந்தது, பின்னம் பின்வாசல் வழியாக வந்தது. இடது. வலது. நாலாவது. சதவீதம் ஒன்று, அல்வா மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. வேகம்-தூரம் ஒன்று முரண்டு பிடித்தது, அதைப் பிறகு கவனிக்கிறேன் என்று தாண்டினாள். நாலாவது. நாலாவது. கை போகிற வேகத்தைப் பார்த்து அவளுக்கே ஆச்சரியம்.

அப்போதுதான் அது வந்தது. ஒரு செவ்வகத்தின் சுற்றளவு நாற்பது. இடது பெட்டியில் அதன் பரப்பளவு. வலது பெட்டியில் நூற்றொன்று.

நீளம் கொடுக்கவில்லை, அகலம் கொடுக்கவில்லை. ஒல்லியாகவும் இருக்கலாம், குண்டாகவும் இருக்கலாம். நாலாவதுதான்! சுட்டி நாலாவது விடைக்கு மேல் போய்விட்டது. விரல் அமுக்கப் போன அந்தக் கணத்தில் அவளுக்குச் சுருக்கென்றது. டக்கென்று பதில் சொல்கிற அதே வியாதி, இப்போது வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறதோ? முன்பு எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. இப்போது எல்லாவற்றுக்கும் கைவிரிப்பா?

விரலை எடுத்தாள். நீளமும் அகலமும் சேர்ந்து இருபது. பத்தொன்பதும் ஒன்றும்: பரப்பளவு பத்தொன்பது. பதினைந்தும் ஐந்தும்: எழுபத்தைந்து. ஏறுகிறதே! பன்னிரண்டும் எட்டும்: தொண்ணூற்றாறு. பதினொன்றும் ஒன்பதும்: தொண்ணூற்றொன்பது. அம்மாடி, பத்தும் பத்தும்: நூறு! அதற்கு மேல்? பத்தைத் தாண்டி ஒரு பக்கம் எவ்வளவு கூடுகிறதோ, மறு பக்கம் அவ்வளவு குறைகிறது. பெருக்கினால் அந்த விலகலின் வர்க்கம் நூறிலிருந்து கழிந்துதான் போகும், கூடவே கூடாது. தலைகீழாக நின்றாலும் நூறைத் தாண்டாது. நூற்றொன்றுதான் எப்போதும் பெரியது. படுபாவிகள், ஒரே ஒரு ஒன்றைக் கூட்டி வைத்துவிட்டு எப்படி உட்கார்ந்திருக்கிறார்கள்! வலது பெட்டியை அமுக்கியபோது அவளுக்கு எழுந்து நின்று கைதட்ட வேண்டும் போல இருந்தது. அந்தக் கணக்கைச் செய்தவனைக் கண்டால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பாள்.

முரண்டு பிடித்த வேகம்-தூரத்துக்கு நேரம் இருந்தது, விடை வந்த மாதிரியும் இருந்தது. கடைசியில் திரை வெறுமையாகி, வேறொன்று கேட்டது.

மதிப்பெண்ணை ஏற்கிறீர்களா, ரத்து செய்கிறீர்களா? இரண்டு பொத்தான். ஏற்றால்தான் எண் கண்ணில் படும், துறைக்கும் போகும். ரத்து செய்தால் எழுதியவருக்கே தெரியாமல் அழிந்துவிடும், எழுதியதாகவே கணக்கில் வராது. டக்குவுக்கு இதன் பொருள் நன்றாகத் தெரியும். ரத்து செய்தால் இந்த வருஷ இடம் போகும், ஆனால் மூன்றாவது வாய்ப்பு அடுத்த வருஷத்துக்குப் பத்திரமாக இருக்கும். ஏற்று, எண் நூற்று அறுபதுக்குக் கீழே வந்தால், எல்லாம் முடிந்தது.

நன்றாகத்தான் போட்டாள். முதல் தடவையும் இப்படித்தான் நினைத்தாள். எது பெரியது, இந்தப் பெட்டியா அந்தப் பெட்டியா? ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பார்த்தாள். ஒருவர் அனுப்பு என்றார், ஒருவர் அழி என்றார். சொல்ல முடியாது. நேர்மையாகச் சொன்னால் அதுதான் விடை. ஆனால் இந்தத் திரையில் நாலாவது விடை இல்லை, கடிகாரமோ ஓடிக்கொண்டிருந்தது. தெரியாது என்று தெரிந்துகொண்டு, நன்றாகத் தெரிந்துகொண்டு, அவள் ஏற்கிறேன் என்பதை அமுக்கினாள்.

நூற்று அறுபத்து மூன்று.

"ஐயோ!" என்று கத்திவிட்டாள். கண்காணிப்பாளர் ஓடி வந்து உதட்டில் விரலை வைத்தார். டக்கு அவர் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினாள். பாவம், அந்த மனுஷர் பேசாமல் குலுங்கினார்.

மாடிப்படியில் தடதடவென்று இறங்கி வந்தவளைப் பார்த்ததுமே வாசலில் நின்ற புருஷனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. "எவ்வளவு? எவ்வளவு?" என்று அவன் கத்த, "அறுபத்து மூணு! அறுபத்து மூணுங்க!" என்று இவள் கத்த, தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டுமே. அவள் அழுதாள், சிரித்தாள், வெள்ளிக்கிழமைகளை ஒரு கை பார்க்கிறேன் என்றாள். என்ன உளறுகிறாள் என்று அவனுக்குப் புரியாவிட்டாலும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினான்.

கொஞ்ச நேரம் கழித்து நண்டு வந்தாள். மெதுவாகப் படியிறங்கி வந்தாள்.

"அண்ணி, வந்துடுச்சா?"

"வந்துடுச்சுடி என் ராசாத்தி! உன்னாலதான்! நீ எவ்வளவு? எழுபதா? அறுபத்தெட்டா?"

நண்டு கைப்பையின் வாரைத் திருகினாள். "ரத்து பண்ணிட்டேன்."

"என்னது?"

"ஒரு கணக்குல சந்தேகமா இருந்துச்சு. அதை வச்சுக்கிட்டு எப்படி அனுப்புறது?"

"ஒரே ஒரு கணக்குலயா?"

"ஒண்ணுதான். ஒரு செவ்வகம், சுற்றளவு நாற்பது..."

டக்கு அவளை முடிக்க விடவில்லை. "நூத்தியொண்ணு. நீ என்னடி போட்ட?"

"வலது பெரிசுன்னு போட்டேன். நூறுக்கு மேல வரவே வராதுன்னு மூணு தடவை போட்டுப் பார்த்தேன். ஆனா நான் யோசிக்காத ஏதோ ஒரு செவ்வகம் எங்கயாவது இருந்துட்டா?"

"இல்லைடி. அப்படி ஒண்ணு இல்லவே இல்லை. நீ போட்டது சரி."

நண்டு அண்ணியின் முகத்தைப் பார்த்தபடியே நின்றாள். பிறகு மேல்மாடி ஜன்னலை அண்ணாந்து பார்த்தாள். அவளுடைய கண் நிறைந்துவிட்டது. அங்கே கொஞ்ச நேரத்துக்கு முன்னால் இருந்த ஓர் எண், ஒருவேளை டக்குவுடையதைவிடப் பெரிய எண், இப்போது உலகத்தில் எங்கேயும் இல்லை.

டக்குவுக்குத் தன் மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வாரம் முழுக்க எனக்காகவே உட்கார்ந்தாளே இவள். என் வியாதியைக் கண்டுபிடித்தாள், மருந்தும் கொடுத்தாள். எதிரே உட்கார்ந்திருந்தவளுக்கு என்ன வியாதி என்று நான் ஒரு நிமிஷம் திரும்பிப் பார்த்தேனா? சந்தேகத்துக்குப் பொறந்தவ என்று கேலி பண்ணிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டேனே! அவள் கைபேசியை எடுத்தாள். தேர்வுப் பக்கத்தைத் திறந்து, பாக்கி இருந்த அடுத்த தேதியைத் தேடிப் பிடித்து, நண்டுவின் விவரங்களையெல்லாம் அங்கேயே நின்று நிரப்பினாள். கடைசியில் உறுதி செய் என்ற ஒரு பொத்தான்தான் மிச்சம். கைபேசியை நண்டுவிடம் நீட்டினாள்.

"இப்பவேவா? வீட்டுக்குப் போய் யோசிச்சு..."

"இங்கயே. நீயே அமுக்கணும்."

"அடுத்த தடவை நல்லா வருமா அண்ணி?"

உதவி எண்ணில் இத்தனை வருஷம் பேசிய நாக்கு. கண்டிப்பா வரும்டி, கவலையே படாதே என்ற சொல் நுனியில் வந்து நின்றது. டக்கு அதை விழுங்கினாள்.

"எனக்குத் தெரியாதுடி. உனக்கும் தெரியாது. மேல அந்த ஸ்க்ரீன் முன்னாடி உட்கார்ந்தப்போ எனக்கும் தெரியலை. தெரியாமதான் அமுக்கினேன்."

"தெரியாமலா?"

"ஆமாடி. சத்தியமா."

நண்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பொத்தானைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள். தெருவில் ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போய் முடிகிற வரைக்கும் அவள் நின்றாள். பிறகு விரலை வைத்து, ஒரே ஒரு தடவை, அமுக்கினாள்.